மாடிச் சோலாரும் அடுத்த இருபத்தைந்து ஆண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் சோலார் போடுவது பற்றி வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மின்கட்டணக் கணக்கு எல்லாம் 2024 ஜூலையில் வந்த விகிதப்படி. முதல் பாதி வாங்குவதும் பொருத்துவதும். பேட்டரி, கிரிட் (ஈ.பி.யின் மின்கம்பி வலை), பழைய பேனல், 2070 போன்ற நீண்டகால விஷயங்கள் பின்பாதியில் வருகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அங்கே போகும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

1. எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடணும்?

ஏ.சி. எத்தனை, ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர் என்று எண்ண வேண்டாம். கடந்த ஓராண்டின் ஆறு ஈ.பி. பில்களை எடுத்து யூனிட்டைக் கூட்டி ஆறால் வகுத்தால் போதும். நம் வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 800 ஓடினால் 3 கிலோவாட். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையை விடப் பெரிதாகப் போட வேண்டுமானால் முதலில் ஈ.பி.யில் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பேனலுக்கு முன் விசிறியைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 70 முதல் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சொச்சம். ஐந்து விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மிச்சம் 2.7 யூனிட். அது முக்கால் கிலோவாட் பேனல் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம், செலவோ பதினைந்தாயிரம் ரூபாய்க்குள். சோலார் விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

2. எங்களுக்கு பில்லே இருநூத்தி சொச்சம்தான் வருது. போட்டா லாபமா?

பணக் கணக்கில் லாபமில்லை. முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு. 200 யூனிட் வீட்டுக்கு இரண்டு மாத பில் 235 ரூபாய், ஆண்டுக்கு 1,410. மானியம் போக 1 கிலோவாட்டுக்கு நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் கையிலிருந்து போகும். அந்தப் பணம் திரும்புவதற்குள் பேனலின் ஆயுளே முடிந்துவிடும்.

800 யூனிட் வீட்டுக்கு இதே கணக்கு தலைகீழ். 500ஐத் தாண்டியதும் 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. மொத்த பில் 4,870 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழிந்து, மிச்சம் இலவச 100க்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 29,000 ரூபாய் மிச்சம். சுமார் இரண்டு லட்ச ரூபாய் அமைப்புக்கு 78,000 மானியம் போனால், நாலைந்து ஆண்டில் முதல் திரும்பிவிடும். ஈ.பி. கம்பியைப் பயன்படுத்துவதற்காக உங்கள் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் ஏதும் விதிக்கப்பட்டால் அதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். சோலார் மிச்சப்படுத்துவது மேலடுக்கு யூனிட்டைத்தான். கீழடுக்கை முழுக்கத் துடைக்க வேண்டும் என்று பெரிதாகப் போடுகிறவர்கள் கடைசிக் கிலோவாட்டில் காசை இழக்கிறார்கள்.

3. மானியம் எவ்வளவு, யார் கையில வரும்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. அதற்கு மேல் கிடையாது. விற்பனையாளரிடம் முழுப் பணத்தைக் கொடுத்து (அல்லது வங்கிக் கடனில்) பொருத்திய பிறகு, நெட் மீட்டர் (நீங்கள் ஈ.பி.க்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் அளக்கும் மீட்டர்) வைத்து ஆய்வு முடிந்ததும் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். “மானியத்தை நாங்களே கழிச்சுக்கிறோம், நீங்க எதுவும் பண்ண வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால், விண்ணப்பம் யார் பெயரில், எந்தக் கணக்கு எண்ணோடு போகிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். ஈ.பி. இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரன் பெயரில் இருக்கும். முதலில் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், பிறகு தேசிய இணையதளத்தில் பதியுங்கள். அடுத்து பேனல். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல்லைக் கொண்ட இந்தியப் பேனல்தான் செல்லும். இறக்குமதிச் செல்லை இங்கே ஒட்டிய பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் வராது. மாடிக்கு ஏற்றும் முன்பே ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு அடியில் குனிந்து எடுப்பது பெரும் பாடு.

10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய விதி மாறியிருக்கிறது. “டிரான்ஸ்ஃபார்மர்ல இடமில்ல” என்ற பதில் வந்தால் இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

4. கரண்ட் போனா சோலார் ஓடுமா?

இன்வெர்ட்டர் என்பது பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி. பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் என்றால் ஓடாது. நண்பகல் வெயிலிலும் அணைந்துவிடும். அது கோளாறில்லை. கரண்ட் போன நேரத்தில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உங்கள் மாடி மின்சாரத்தால் சாகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (கிரிட்டோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடுவது) பேட்டரியும் வேண்டும். அது 11ஆம் கேள்வியில்.

5. மே மாச வெயில்ல யூனிட் எகிறும்னு பாத்தோம். மார்ச்ச விட கம்மியா வருதே?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அதற்கு எதிரி. பெட்டியில் எழுதியிருக்கும் 550 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. மே மாத மதியத்தில் செல் சுமார் 65 டிகிரிக்குப் போகும். மோனோ பெர்க் வகைப் பேனல் 25க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் இழக்கிறது, 40 டிகிரி ஏறினால் 14 சதவீதம் போய்விடும். டாப்கான் என்ற புதிய வகையில் இழப்பு 0.3 சதவீத அளவில் இருக்கும். நம் ஊருக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கத் தகுந்தது. பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் இருந்தால் சூடு குறையும். தளத்தோடு ஒட்டிப் படுக்கவைப்பது அழகாக இருக்கும், யூனிட் குறையும்.

6. தென்ன மர நிழல் ஓரமாத்தான் விழுது. பரவாயில்லையா?

ஓரமாக விழுவதும் பிரச்சினைதான். வீட்டு அமைப்பில் ஆறு பேனல்களைத் தொடராக ஒரே சரத்தில் இணைக்கிறார்கள், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். ஒரு பேனலுக்குள் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கின்றன. ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கை டயோடு ஒதுக்கிவிட்டு மற்றது ஓடும். ஆக நாலு விரல் அகல நிழலுக்கு ஒரு பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போகலாம். தினமும் அதே இடத்தில் நிழல் விழுந்தால் அந்தச் செல் சூடேறிப் பழுப்புப் புள்ளி விழும்.

காலை 9 முதல் மாலை 4 வரை எந்த நிழலும் கூடாது. இதை டிசம்பர் கடைசி வாரத்தில் பாருங்கள், அப்போதுதான் சூரியன் தெற்கே தாழ்ந்து நிழல் நீளும். தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையும்தான் வழக்கமான குற்றவாளிகள். தவிர்க்கவே முடியாத நிழலுக்கு ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட்டும் மைக்ரோ இன்வெர்ட்டரோ ஆப்டிமைசரோ உதவும். தென்னைக்கு நேர் கீழே என்றால் எதுவும் உதவாது, மட்டை விழுந்தால் கண்ணாடி போயிற்று.

7. தளத்துல ஓட்ட போட்டா ஒழுகாதா? போடலன்னா புயல்ல பறக்காதா?

இரண்டு பயமும் நியாயமானவை. தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடித்தால், அடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லி வழியாகத் தண்ணீர் ஊறும். அதை மூட சிலிகான் பூசுவது இரண்டு மழைக்காலம் தாங்கும். கான்கிரீட் பீடங்கள் கட்டி, அதில் போல்ட்டைப் புதைத்து ஏற்றுவதே நல்லது. பீடத்துக்கு அடியில் தட்டோட்டை எடுத்து நேராகக் கான்கிரீட் தளத்தோடு பிடிக்கவைக்க வேண்டும். பிறகு சுற்றிலும் நீர்காப்பு.

காற்று பேனலை அழுத்துவதைவிட அடியிலிருந்து தூக்குவதுதான் ஆபத்து. இந்தியத் தரக் குறியீட்டின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரை, கோவைக்கு 39 மீட்டர். உள்மாவட்ட வடிவமைப்பைக் கடலோரத்தில் அப்படியே போடக் கூடாது. 2016இல் வர்தாவும் 2018இல் கஜாவும் போன பாதையை நினைத்தால் போதும். இரும்பு சூட்டில் துத்தநாகம் தோய்த்ததாக, பூச்சு 80 மைக்ரானாக இருக்கட்டும். நட்டு, போல்ட் எல்லாம் எஸ்.எஸ். 304. கீழே கார் நிறுத்த வசதியாக எட்டடி உயரத்தில் தூக்கி நிறுத்துகிறார்கள். உயரம் கூடினால் சாய்வுத் தாங்கிகளும் கூட வேண்டும், விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

திசை தெற்கு, சாய்வு 10 முதல் 13 டிகிரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மதுரைக்கு 10 போதும். கன்னியாகுமரி 8 என்றாலும் 10க்குக் கீழே வைக்காதீர்கள், மழைத் தண்ணீர் தூசியை இழுத்துக்கொண்டு ஓட அந்தச் சாய்வு வேண்டும்.

8. மூணு எர்த் குழி எதுக்கு? வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே.

இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டங்களுக்கும் டி.சி. பக்கத்துக்கும் (பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஓடும் ஒருதிசை மின்சாரம்) ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு (இன்வெர்ட்டருக்குப் பிறகு ஓடும் மாறுதிசை மின்சாரம்) ஒன்று. இடிதாங்கியின் குழியை மற்றதோடு சேர்த்தால் இடி இறங்கும்போது அது இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்குள் வரும். மூன்றையும் அளந்து, 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

டி.சி. பக்கத்துக்குத் தனி மரியாதை தேவை. ஆறு பேனல் சரத்தில் 250 முதல் 300 வோல்ட் இருக்கும். ஈ.பி. மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். ஏ.சி.யில் பொறி பறந்தால் நொடிக்கு நூறு தடவை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடுவதால் அணைய வாய்ப்புண்டு. டி.சி. பொறி அணையாது, ஒயரைத் தின்றுகொண்டே போகும். தீப்பிடித்த அமைப்புகளில் பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பானைப் பாருங்கள்: ஒரு கம்பெனி ஆண், வேறொரு கம்பெனி பெண். மாட்டும்போது க்ளிக் என்று சத்தம் வரும், ஆனால் உள்ளே தொடுபரப்பு முழுதாகப் பொருந்தாது. ஒரே தயாரிப்பு, சரியான கிரிம்பிங் கருவி, இரண்டையும் வேலை நடக்கும்போதே பாருங்கள்.

9. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இன்வெர்ட்டர் தானா நின்னு நின்னு ஓடுது. பேனல் கோளாறா?

திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று வருகிறதா பாருங்கள். வந்தால் பேனல் நன்றாகவே வேலை செய்கிறது. மின்சாரத்தை வெளியே தள்ள, இன்வெர்ட்டர் தெருக்கம்பியில் இருப்பதைவிடச் சில வோல்ட் கூடுதலாக வைக்க வேண்டும். தெருவில் ஏற்கெனவே 248 இருந்து, உங்கள் ஒயரிலும் சில வோல்ட் ஏறினால் இன்வெர்ட்டரின் எல்லை தாண்டி அணைந்துவிடும். சில நிமிடம் காத்திருந்து மறுபடி முயலும். இதனால் போவது நாளின் மிகச் சிறந்த இரண்டு மணி நேர உற்பத்தி.

முதலில் உங்கள் ஒயர். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் வரை 40 மீட்டர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்திருந்தால் 7.7 வோல்ட் அதிலேயே ஏறும். 6 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் 3.2 வோல்ட். பாதிப் பிரச்சினை இதில் தீரும். அடுத்து, நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் தெரு வோல்டேஜே அதிகம் என்றால், மதிய நேர அளவை இரண்டு மூன்று நாள் எழுதி ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் என்ற இணைப்பை மாற்றி அவர்கள் அதைக் குறைக்கலாம்.

இன்னொரு வழி காசில்லாதது. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஓட்டுவது. தள்ள வேண்டிய மின்சாரம் குறைந்தால் வோல்டேஜும் இறங்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருபது வீடுகள் சோலார் போடும் நாள் தூரத்தில் இல்லை. அந்தத் தெருவுக்கு இந்தப் பழக்கமே முதல் பேட்டரி.

10. எத்தன நாளைக்கு ஒரு தடவ கழுவணும்?

மழையில்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சாலையோரம், செங்கல் சூளை, சிமென்ட் ஆலைப் பக்கம் என்றால் வாரம் ஒருமுறை. விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் சூடேறிய கண்ணாடியில் தண்ணீர் விட்டால் விரிசல் விடலாம். சோப்பு வேண்டாம். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கழுவினால் வெள்ளைப் படலம் படிந்து தூசியை விட மோசமாக மறைக்கும். அங்கே கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பானால் வழித்துவிடுங்கள். காக்கை எச்சத்தை ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். பேனல் மேல் ஏறி நிற்கக் கூடாது. கண்ணாடி தாங்கும், உள்ளே செல் மயிரிழையாக விரிசல் விடும்.

11. பேட்டரி போடட்டுமா? லித்தியமா, பழைய டியூபுலரா?

உங்கள் ஊரில் மின்வெட்டு மாதத்துக்கு ஓரிரு மணி நேரம்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஹைப்ரிட் இன்வெர்ட்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பேட்டரியைப் பின்னால் சேர்க்கலாம்.

போடுவதென்றால் கணக்கு இது. 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது, ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது பாதி. 51.2 வோல்ட் 100 ஏ.எச். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் 5.12 யூனிட், அதில் நாலரை வரை எடுக்கலாம். டியூபுலர் ஆயிரத்துச் சொச்சம் சுற்று தாங்கும். நல்ல எல்.எஃப்.பி. நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம். தினமும் ஏற்றி இறக்குவதற்கு லித்தியம், எப்போதாவது வரும் மின்வெட்டுக்கு டியூபுலரே போதும். லித்தியம் என்று மட்டும் கேட்காமல் எல்.எஃப்.பி. என்று கேட்டு வாங்குங்கள், நிக்கல் வகையை விட அது தீப்பிடிப்பதில் நிதானமானது. மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் மாட்டினால் எதுவும் நிலைக்காது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்த உயரம் வந்ததோ, அதற்கு மேல் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்க வேண்டும்.

12. பகல்ல ஈ.பி.க்குக் குடுத்துட்டு ராத்திரி எடுத்துக்கறோமே. கிரிட்டே பேட்டரி மாதிரிதானே?

உங்கள் பில்லைப் பொறுத்தவரை ஆமாம். நெட் மீட்டரிங்கில் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிகின்றன. ஆனால் கம்பியில் எதுவும் சேமிக்கப்படவில்லை. நீங்கள் மதியம் கொடுத்த மின்சாரத்தை அந்த நொடியே பக்கத்து வீட்டு ஏ.சி. எடுத்துக்கொண்டது. இரவு ஏழு மணிக்கு நீங்கள் எடுப்பது பெரும்பாலும் எங்கோ எரியும் நிலக்கரி. வீடுகள் கூடக் கூட மதியம் உபரியும் மாலையில் பற்றாக்குறையும் பெருகும். நெட் மீட்டரிங் இதே வடிவில் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்து இருபத்தைந்தாண்டுக் கணக்குப் போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1987 முதல். உபரி நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை வரும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். நம்மிடம் காற்றாலை வேறு இருக்கிறது: மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று சூரியன் இறங்கிய பிறகும் ஓடும். காற்று ஓயும் மாதங்களின் மாலைதான் உண்மையான இடைவெளி.

கட்டணமும் அந்தப் பக்கம் திரும்புகிறது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இது ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு. அப்போது 11ஆம் கேள்வியின் பதில் மாறும், பேட்டரி மின்வெட்டுக்கான பொருளாக இராமல் மாலைக் கட்டணத்தைத் தவிர்க்கும் பொருளாகிவிடும். ஹைப்ரிட் இன்வெர்ட்டரை இப்போதே வாங்கச் சொன்னது அதனால்தான்.

13. நாட்டுல பாதி பசுமை மின்சாரம்னு செய்தி வந்துச்சே?

2025 நடுவில் பாதியைத் தொட்டது நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களும் முழுத்திறனில் ஓடினால் தரக்கூடிய அளவு. ஓடும் யூனிட்டில் நிலக்கரியின் பங்கு இன்னும் ஏறக்குறைய முக்கால். 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,450 யூனிட் தருகிறது. இரவு பகலாக முழுத்திறனில் ஓடினால் 8,760 வர வேண்டும். ஆறில் ஒரு பங்கு. 2030க்குள் 500 ஜிகாவாட் பசுமை நிறுவுதிறன் என்ற இலக்கைப் படிக்கும்போதும் இந்த வகுத்தலைச் செய்துகொள்ளுங்கள்.

14. பெரோவ்ஸ்கைட் பேனல், சோடியம் பேட்டரி எல்லாம் வரப்போகுதாம். காத்திருக்கலாமா?

பேனலுக்குக் காத்திருக்க வேண்டாம். சிலிக்கானின் கோட்பாட்டு எல்லை 29.4 சதவீதம், கடையில் கிடைப்பது 21 முதல் 23. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் பொருளின் படலம் வைத்த இரட்டைச் செல் ஆய்வகத்தில் 34ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தப் படலத்துக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது, நம் கடலோரத்தில் இரண்டுமே தாராளம். அதில் தண்ணீரில் கரையும் ஈயமும் உண்டு. இருபத்தைந்து ஆண்டு மாடியில் நின்று காட்டும்வரை அது உங்கள் வீட்டுக்கான பொருளில்லை. மாடியில் இடமிருந்தால் இரண்டு சதவீதத் திறன் கூடுவது பெரிய விஷயமுமில்லை. 6ஆம் கேள்வியில் சொன்ன நிழல் அதைவிட அதிகம் தின்றுவிடும்.

பேட்டரிக்குக் காத்திருப்பதில் அர்த்தமுண்டு. சோடியம் அயனி பேட்டரிக்கு லித்தியம் வேண்டாம், எதிர்மின்வாய்ப் பக்கம் செம்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போதும். அதே சேமிப்புக்கு எடை கூடுதல், ஆனால் சுவரோரம் சும்மா நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு குறையில்லை.

15. பேனல் செய்யவே அது வாழ்நாள்ல தர்றத விட அதிக கரண்ட் செலவாகுமாமே?

இல்லை. மணலிலிருந்து சிலிக்கான் எடுக்கும் உலை, கண்ணாடி, அலுமினியச் சட்டம் எல்லாம் சேர்ந்த ஆற்றலை நம் வெயிலில் ஒன்று, ஒன்றரை ஆண்டில் திருப்பிக் கொடுத்துவிடும். மீதி ஆண்டுகள் வரவு. ஆனால் இந்தக் கணக்கு பேனல் இருபது ஆண்டாவது ஓடும் என்பதை நம்பியது. துருப்பிடித்த சட்டத்தால் எட்டாம் ஆண்டில் கழற்றிப் போடும் அமைப்புக்கு இந்தப் பெருமை கிடையாது.

16. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு பழைய பேனல என்ன பண்றது?

எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. பிறகு அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் படலங்கள், மூன்று நான்கு சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் செம்பு, மிகச் சிறிதளவு வெள்ளி, பற்றவைப்பில் ஈயம். பழைய இரும்புக்காரர் சட்டத்தையும் ஒயரையும் உருவிக்கொண்டு மீதியைப் போட்டுவிடுவார், ஏனென்றால் கண்ணாடியையும் செல்லையும் ஒட்டியிருக்கும் பிசினைப் பிரிப்பதுதான் செலவான வேலை. எரிக்கவே கூடாது, பல பேனல்களின் பின்தாளில் இருக்கும் ஃப்ளோரின் நச்சுப் புகையாகும்.

சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் பேனல் கழிவை 2034–35 வரை தயாரிப்பாளரே சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன. பேட்டரிக்கு 2022இல் தனி விதிகள் வந்தன. நீங்கள் செய்ய வேண்டியது, பில்லையும் 3ஆம் கேள்வியில் சொன்ன வரிசை எண்களையும் பத்திரப்படுத்துவது. அவை இருந்தால்தான் ‘உங்கள் தயாரிப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடியும். இருபத்தைந்து ஆண்டில் பேனல் செத்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆண்டுக்கு அரை சதவீதம் குறைந்து எண்பது சதவீதச் சொச்சத்தில் நிற்கும், கிணற்று மோட்டாருக்கு அது தாராளம்.

17. நாங்க அபார்ட்மென்ட். எங்களுக்கு வழி இருக்கா?

லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்புக்குச் சங்கத்தின் பெயரில் போடலாம், கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொதுச் சுமை பெரும்பாலும் பகலிலும் ஓடுவதால் தனி வீட்டை விட இங்கே சோலார் நன்றாகப் பொருந்துகிறது. மாடி யாருக்குச் சொந்தம் என்பதைப் பத்திரத்தில் பார்த்து, பொதுக்குழுத் தீர்மானத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் 1ஆம் கேள்வியின் விசிறியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

18. ஸ்கூட்டரும் எலக்ட்ரிக்கா மாத்தினா பேனலக் கூட்டணுமா?

நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 1 யூனிட். கால் கிலோவாட் பேனல், அதாவது அரைப் பேனல் போதும். எப்போது சார்ஜ் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பகலில் வண்டி வீட்டில் நின்றால் மதியம் போடுங்கள். அலுவலகம் போகிறவர்கள் இரவு ஏழுக்கு மாட்டாமல் பதினொன்றுக்கு மேல் டைமர் வைத்தால் 12இல் சொன்ன மாலை உச்சத்தில் சேராமல் இருக்கும்.

19. 2070ல நிகரப் பூஜ்யம்ங்கறாங்க. என் மூணு கிலோவாட்டால என்ன ஆயிடும்?

3 கிலோவாட் ஆண்டுக்கு 4,300 யூனிட். நம் கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு மூன்று டன். சூர்ய கர் திட்டம் சொல்லும் ஒரு கோடி வீடுகளால் பெருக்கினால் மூன்று கோடி டன். 2021இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்த நிகரப் பூஜ்ய இலக்குக்கு (வெளியேறும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவது) இது ஒரு துண்டு, கணிசமான துண்டு.

பெருக்கலில் மறைந்திருக்கும் நிபந்தனை, அவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. குழாய் இன்றும் பல வீடுகளில் சுவரில் இருக்கிறது, வடிகட்டிக் குழியில் மணலை மாற்றியவர்கள் எத்தனை பேர்? சோலாருக்கும் ஐந்தாம் ஆண்டில் அந்தக் கட்டம் வரும், ஏனென்றால் விற்பனையாளரின் கட்டாயப் பராமரிப்பு ஐந்து ஆண்டுதான். இன்வெர்ட்டர் பத்து, பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறை மாறும். அதற்கு இன்றே மாதம் முந்நூறு ரூபாய் ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், போல்ட் இறுக்கம், எர்த் ஓம், சர்ஜ் பாதுகாப்பானின் (திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) பச்சைக் குறி சிவப்பாகிவிட்டதா என்ற மூன்றையும் பாருங்கள்.

20. அப்பா போட்டது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப வீட்ட விக்கப் போறோம்.

ஈ.பி. இணைப்பின் பெயர் மாறும்போது நெட் மீட்டர் ஒப்பந்தமும் வாங்குபவர் பெயருக்கு மாற வேண்டும், தானாக மாறாது. இன்வெர்ட்டர் செயலியின் கடவுச்சொல், பேனல் உத்தரவாதம் (பொருளுக்கு 12 ஆண்டு, உற்பத்திக்கு 25 ஆண்டு என்பது வழக்கம்), வரிசை எண் படங்கள், எர்த் குழிகளின் இடம், இன்வெர்ட்டர் கடைசியாக மாறிய ஆண்டு ஆகியவற்றை ஒரே கவரில் போட்டுக் கொடுங்கள். டி.சி. ஐசொலேட்டர் (பேனல் ஒயரைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை வார்த்தையால் சொல்லாமல், அதன் மேலேயே ‘வெயில் இருக்கும்வரை மின்சாரம் உண்டு’ என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள்.